மோட்டார் ஓடுது... தண்ணி வரலையே! - செங்கல்பட்டு டு மாமல்லபுரம், ஒரு கேரவன் பயணம்

'கேரவன்' என்றதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகத்துக்கு வரும். ஹீரோ ஏறி உட்காரும் ஏ.சி வண்டி. வெளிநாடுகளில் கதை வேறு. காருக்குப் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் டிரெய்லரிலேயே சமைத்து, குளித்து, தூங்கி, ஊர் ஊராகச் சுற்றுவார்கள். நம்மூரில் வேனையோ மினி பஸ்ஸையோ வீடாக மாற்றியதுதான் அதிகம். கேரளா 2021-ல் இதற்கென்றே 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது. சென்னையிலும் இப்போது வாடகைக்குக் கேரவன் கிடைக்கிறது.

படுக்கை, குட்டி அடுப்பு, பாத்ரூம் என எல்லாம் இருக்கும் இந்த வண்டியின் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? எங்கோ ஒரு சீட்டுக்கு அடியில், இரண்டு கைக்குள் அடங்கிவிடும் ஒரு தண்ணீர் பம்ப்பில். அது நின்றால் சமையல் இல்லை, குளியல் இல்லை, முக்கியமாகக் கழிப்பறை இல்லை. பாட்டி, அம்மா, அக்கா, அக்காவின் நான்கு வயது மகள், நான் என ஐந்து பேர் கிளம்பிய இரண்டு நாள் பயணத்தில், அந்தப் பம்ப் நடுராத்திரியில் மக்கர் செய்தது. அதைச் சரிசெய்த கதையும், வழியில் பார்த்த தண்ணீரின் கதையும்தான் இது.

பெயரிலேயே தண்ணீர்

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி சாலையில் போனால் செங்கல்பட்டு. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 'செங்கழுநீர்ப்பட்டு' என்பதுதான் மருவி செங்கல்பட்டு ஆனது என்பார்கள். செங்கழுநீர் என்பது நீரில் பூக்கும் பூ. ஆக, ஊரின் பெயரிலேயே குளம் இருக்கிறது.

பெயரைக் காப்பாற்றுவதுபோல ஊர் வாசலில் விரிந்து கிடக்கிறது கொளவாய் ஏரி. தென் மாவட்ட ரயில்களில் சென்னைக்கு வருபவர்களுக்கு, விடியற்காலையில் ஜன்னல் வழியே தெரியும் இந்த ஏரிதான் 'எழுந்திரு, பையை எடு' என்று சொல்லும் அலாரம். ஊருக்குத் தெற்கே பாலாறு. வருடத்தில் பாதி நாள் மேலே மணல்தான் தெரியும். ஆனால், அந்த மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீரை நம்பி எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. வாயலூர் அருகே கடலில் கலக்கும்வரை அது அப்படித்தான் போகிறது.

செங்கல்பட்டில்தான் எங்கள் டிரைவர் அண்ணன் தொட்டியை நிரப்பினார். ''ஏன் இங்கயே அண்ணே? மாமல்லபுரத்துல பிடிச்சுக்கலாமே?'' என்றேன். ''கடற்கரைப் பக்கம் போர்த் தண்ணி பல இடத்துல உப்பா இருக்கும் தம்பி. உப்புத் தண்ணி உள்ள போனா பம்ப்புக்குள்ள வெள்ளையா படிஞ்சிடும். நல்ல தண்ணி கிடைக்கிற இடத்துலயே நிரப்பிடணும்'' என்றார்.

அங்கிருந்து கிழக்கே திரும்பினால் சுமார் அரை மணி நேரத்தில் திருக்கழுக்குன்றம். மலை மேலே வேதகிரீஸ்வரர். கீழே சங்கு தீர்த்தக் குளம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தக் குளத்தில் சங்கு பிறக்கும் என்பது ஐதீகம். சங்கு கடலில்தானே கிடைக்கும், நன்னீர்க் குளத்தில் எப்படி என்று அக்கா கேட்டதற்கு, ''அதனாலதான்டி அது விசேஷம்'' என்று பாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார். பாட்டியால் மலை ஏற முடியாது. குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டி ஏறினோம்.

100 லிட்டரில் ஆறு பேர்

எங்கள் வண்டியின் தொட்டி 100 லிட்டர். டிரைவர் அண்ணனோடு சேர்த்து ஆறு பேர். தலைக்கு 17 லிட்டர்கூட வராது. கிராமங்களுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டமே ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் நம் கையில்.

இந்த வகைப் பம்ப் பொதுவாக நிமிடத்துக்கு 10 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் தள்ளும். ஷவரை முழுசாகத் திறந்துவிட்டு ஒருவர் ஒரு பாட்டுப் பாடி முடித்தால் பாதித் தொட்டி காலி. 'இரண்டு மக்கில் பல் தேய்த்து முகம் கழுவ வேண்டும், குளியல் அரை வாளி, பாத்திரத்தைப் பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் கழுவ வேண்டும்' என்று அம்மா சட்டம் போட்டார். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிய பாடம் இல்லை.

இரவு 11 மணி

மாமல்லபுரத்தில் ஒரு தனியார் இடத்தில், அனுமதி வாங்கி வண்டியை நிறுத்தினோம். இரவு சாப்பிட்டுப் படுத்த பிறகு குட்டிப்பெண் வாந்தி எடுத்தாள். அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடிக் குழாயைத் திறந்தால், 'புஸ்... புஸ்...' என்று காற்று. இரண்டு சொட்டு. மறுபடி காற்று. மோட்டார் மட்டும் 'டுர்ர்ர்ர்' என்று நிற்காமல் ஓடுகிறது. மறுபக்கம், சர்க்கரை நோய் உள்ள பாட்டிக்கு ராத்திரியில் இரண்டு மூன்று முறையாவது எழுந்து போக வேண்டும். கடை எல்லாம் மூடியாயிற்று. கடல் மட்டும் பக்கத்தில் இரைந்துகொண்டிருக்கிறது!

டிரைவர் அண்ணன் முதலில் ஸ்விட்சை அணைத்தார். தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பாதிக்கும் கொஞ்சம் கீழே தண்ணீர் இருந்தது. ''தண்ணி இருக்கு. அப்ப காத்தைத்தான் இழுக்குது'' என்றார். ''எப்படிண்ணே சொல்றீங்க?'' என்றேன்.

''சத்தத்தைக் கேளுங்க தம்பி. தண்ணி இழுத்தா மோட்டார் கனமா உறுமும். காத்தை இழுத்தா லேசா, வேகமா ஓடும். சைக்கிள் செயின் கழண்ட மாதிரி.''

படுத்திருந்த பாட்டி எழுந்து உட்கார்ந்தார். ''ஏம்ப்பா, அடிபம்புல தண்ணி ஏறலைன்னா மேல ஒரு சொம்பு தண்ணி ஊத்தி அடிப்போமே, அந்த மாதிரியா?''

''அதேதாம்மா!'' என்றார் அவர்.

சைதாப்பேட்டையில் அடிபம்பு அடித்து வளர்ந்தவர் பாட்டி. அடிபம்பில் உள்ள தோல் வாஷர் காய்ந்துவிட்டால் காற்று புகுந்துவிடும்; பிடிப்பு வராது. மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் வாஷர் நனைந்து இறுகும், தண்ணீர் ஏறும். கேரவன் பம்ப்பில் வாஷருக்குப் பதில் ரப்பர் சவ்வு. மோட்டார் சுற்றச் சுற்ற, அந்தச் சவ்வு நம் நெஞ்சுக்கூடு மாதிரி விரிந்து சுருங்கித் தண்ணீரை இழுத்துத் தள்ளும். இழுக்கும் பாதையில் எங்காவது சின்ன ஓட்டை இருந்தால் தண்ணீரைவிடக் காற்று சுலபமாக உள்ளே வந்துவிடும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் ஜூஸ் குடிப்பதுபோலத்தான்.

ஓட்டை எங்கே? பாட்டி படுத்திருந்த சீட்டுக்கு அடியில்தான் பம்ப் இருந்தது. அதைக் கண்டுபிடித்துப் பலகையைக் கழற்றவே இருபது நிமிடம் ஆனது. உள்ளே தொட்டியிலிருந்து ஒரு ஓஸ் பைப் மேலேறி, ஒரு குட்டி வடிகட்டிக்கு வந்து, பிறகு பம்ப்புக்குள் போகிறது. வடிகட்டியில் மாட்டியிருந்த ஓஸின் கிளிப் தளர்ந்திருந்தது. விரலால் தொட்டாலே ஆடியது. கீழே மரப்பலகையில் ஈரத் தடம். அதுதான் சாட்சி.

பகலில் ஏன் பிரச்னை வரவில்லை? தொட்டி நிரம்பியிருந்தபோது தண்ணீர் மட்டம் அந்த இணைப்புக்கு மேலே இருந்தது. அதனால் அங்கே தண்ணீர் வெளியே கசிந்தது. காற்று உள்ளே போகவில்லை. ராத்திரி மட்டம் இணைப்புக்குக் கீழே இறங்கியதும் கதை தலைகீழ். கசிவு நின்றது, காற்று புகுந்தது.

வடிகட்டியைத் திறந்தால் கொஞ்சம் மணல், இரண்டு மூன்று பிளாஸ்டிக் சுருள். தொட்டியில் துளை போட்டபோது விழுந்த சீவல். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஓஸை முழுசாக உள்ளே தள்ளி, கிளிப்பைத் திருகி இறுக்கினார். குடிக்க வைத்திருந்த கேனிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை வடிகட்டியில் ஊற்றி மூடினார். ஸ்விட்சைப் போட்டதும் குழாய் இரண்டு தரம் இருமியது. மோட்டார் சத்தம் கனத்தது. பிறகு தண்ணீர்! அக்கா குழந்தையின் முகத்தைக் கழுவிவிட்டார். ''நான் சொன்ன சொம்புதான்'' என்று பாட்டி போர்வையை இழுத்துக்கொண்டார்.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டே டிரைவர் அண்ணனிடம் கேட்டுக் குறித்துக்கொண்டவை இவை. பெரும்பாலான கேரவன்களில் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பம்ப்தான் இருக்கும். எதைத் திறப்பதற்கு முன்பும் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். உங்கள் வண்டியில் இன்வெர்ட்டர் மூலம் 230 வோல்ட்டில் ஓடும் பம்ப் இருந்தால் கை வைக்காதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் இல்லை: முதலில் தொட்டியைக் கண்ணால் பாருங்கள். சுவரில் எரியும் அளவு விளக்கு சில நேரம் பொய் சொல்லும். தொட்டியின் வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டி மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தொட்டிக்கும் பம்ப்புக்கும் இடையில் உள்ள எல்லாக் கிளிப்பும் இறுக்கமா எனப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் ஒரு குழாயைத் திறந்து வைத்து, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லையா? அணைத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் நீண்ட நேரம் ஓடினால் பம்ப் சூடாகிக் கெட்டுவிடும்.

மோட்டார் சத்தமே இல்லை: ஸ்விட்ச், ஃபியூஸ், பேட்டரி என்று வரிசையாகப் பாருங்கள். போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பியைச் சுற்றி வைத்தால் ஒயர் தீப்பிடிக்கலாம். கடற்கரை வண்டிகளில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. ஒயர் முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். மல்ட்டிமீட்டர் இருந்தால் வேலை சுலபம். பம்ப்பின் ஒயரில் 12 வோல்ட் வருகிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் கோளாறு பம்ப்பில். வோல்ட்டே வரவில்லை என்றால் கோளாறு வரும் வழியில்.

குழாய் எல்லாம் மூடியிருக்கிறது, ஆனாலும் அவ்வப்போது 'டுர்ர்' என்கிறது: இந்தப் பம்ப்பின் தலையில் ஓர் அழுத்த ஸ்விட்ச் இருக்கும். குழாயை மூடியதும் அழுத்தம் ஏறி மோட்டார் தானே நிற்கும். திறந்தால் தானே ஓடும். யாரும் திறக்காமலே ஓடுகிறதென்றால் எங்கோ தண்ணீர் போகிறது என்று அர்த்தம். கழிப்பறை ஃப்ளஷ், சிங்க்குக்கு அடியில், ஷவர் இணைப்பு என ஒவ்வொன்றாக டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். எங்கும் ஈரமே இல்லையென்றால், பம்ப்பில் உள்ள ஒருவழி வால்வு வழியாகத் தண்ணீர் தொட்டிக்கே திரும்பிப் போகிறது. ராத்திரி தூங்கப் போகும்போது பம்ப் ஸ்விட்சை அணைத்து வைப்பது நல்லது. கசிவு இருந்தாலும் காலையில் தொட்டி காலியாகி நிற்காது.

தண்ணீர் நூல் மாதிரி வருகிறது: ஒரே ஒரு குழாயில் மட்டும் என்றால் அதன் முனையில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். எல்லாக் குழாயிலும் என்றால் வடிகட்டியில் அடைப்பு, ஓஸ் மடங்கியிருப்பது, பேட்டரி இறங்கியிருப்பது என மூன்றில் ஒன்று.

வண்டியே அதிர்கிறது: பம்ப்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். அல்லது ஓஸ் சுவரில் உரசும். ஒரு துண்டு ரப்பர் ஷீட் போதும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: டார்ச், ஸ்க்ரூடிரைவர், இரண்டு ஓஸ் கிளிப், சரியான ஆம்பியரில் நாலு ஃபியூஸ், டெஃப்லான் டேப், பழைய டூத் பிரஷ். எல்லாவற்றுக்கும் மேலாக, 20 லிட்டர் கேன் ஒன்றும் சொம்பு ஒன்றும். பம்ப் என்ன ஆனாலும் அந்த ராத்திரி ஓடிவிடும்.

பம்ப் இல்லாத அருவி

வீட்டில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? மொட்டை மாடித் தொட்டி உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் தானே இறங்கி வருகிறது. கேரவனில் தொட்டியை அவ்வளவு உயரத்தில் வைக்க முடியாது. 40 பி.எஸ்.ஐ அழுத்தம் தரும் ஒரு குட்டிப் பம்ப், சுமார் 90 அடி உயரத்தில் தொட்டி வைத்ததற்குச் சமம்!

உயரத்தை வைத்து வேலை வாங்கும் அந்த உத்தியைப் பல்லவர்கள் மாமல்லபுரத்தில் கல்லிலேயே செய்துவிட்டார்கள். 'அர்ஜுனன் தபசு' சிற்பத்தின் முன்னால் நின்று பாருங்கள். யானைகளையும் தவம் செய்யும் பூனையையும் படம் எடுத்த பிறகு, நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் பிளவைப் பாருங்கள். அதில் நாகர்கள் நீந்தி ஏறுகிறார்கள். பாறையின் உச்சியில் தொட்டி இருந்ததற்கான தடயங்கள் உண்டு. அதில் தண்ணீரைத் தேக்கித் திறந்துவிட்டால் பிளவு வழியே அருவியாகக் கொட்டியிருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இது அர்ஜுனன் தபசு இல்லை, பகீரதன் கங்கையைக் கொண்டுவரும் காட்சி என்று சொல்பவர்களுக்கு இந்தப் பிளவுதான் பெரிய ஆதாரம். மோட்டார் இல்லை, ஃபியூஸ் இல்லை. மேட்டில் தொட்டி, பள்ளத்தில் கங்கை.

அங்கிருந்து கடற்கரைக் கோயிலுக்குப் போனால், வடக்குப் பக்கம் தரைமட்டத்துக்குக் கீழே படிகளோடு ஒரு சின்னத் தொட்டி. அதற்குள் குட்டிக் கோயில், வராகச் சிற்பம், பக்கத்தில் ஒரு சிறு கிணறு. அலை அடிக்கும் தூரத்தில் கிணறா என்று அம்மா ஆச்சர்யப்பட்டார். கடலோர மணலுக்கு அந்தக் குணம் உண்டு. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே தனியாக மிதந்து நிற்கும். நன்னீர் லேசு, உப்புநீர் கனம். அளவாக எடுத்தால் நல்ல தண்ணீர். ஆழமாகக் குழாய் இறக்கி அளவுக்கு மீறி உறிஞ்சினால், அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஒருமுறை ஏறிய உப்பை இறக்குவது சுலபம் இல்லை. டிரைவர் அண்ணன் செங்கல்பட்டிலேயே தொட்டியை நிரப்பியதற்குக் காரணம் இதுதான்.

நெம்மேலியில் ஒரு நிமிடம்

திரும்பி வரும்போது ஈ.சி.ஆர் வழி. மாமல்லபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே நெம்மேலி. இங்கேதான் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கின்றன. 2013-ல் நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு முதல் நிலையம் வந்தது. 2024-ல் 15 கோடி லிட்டர் திறனோடு இரண்டாவது. கடல்நீரை மிக அதிக அழுத்தத்தில் மெல்லிய சவ்வுகள் வழியே தள்ளி உப்பைப் பிரிக்கிறார்கள். அங்கேயும் எல்லாம் பம்ப்தான், எல்லாம் மின்சாரம்தான். சென்னையில் நாம் திறந்துவிட்டு மறக்கும் குழாய்க்குப் பின்னால், ராப்பகலாக ஒரு மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். கேரவனில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி மாதிரி, அழுக்குத் தண்ணீருக்கும் ஒரு தொட்டி உண்டு. அது நிரம்பியதும் யாரும் பார்க்காத இடத்தில் வால்வைத் திறந்துவிடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. கடற்கரை மணலில் திறந்தால் சோப்புத் தண்ணீர் நேராக அந்த மணலுக்கு அடியில் இருக்கும் நன்னீருக்குத்தான் போகும். அதுதான் பக்கத்துத் தெருக்காரர்களின் கிணற்றுத் தண்ணீர். தங்கும் இடத்தில் கழிவுநீர் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டு, அதில் மட்டும் திறந்துவிடச் சொல்லுங்கள். கழிப்பறைத் தொட்டிக்கும் இதே விதிதான்.

கேரவன் வாடகைக்கு எடுக்கும்போது ஏ.சி இருக்கா, டி.வி இருக்கா என்று எல்லோரும் கேட்போம். அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: ''பம்ப் எந்த சீட்டுக்கு அடியில இருக்கு?'' பதில் உடனே வந்தால், அது நன்றாகப் பராமரிக்கப்படும் வண்டி. நம்பி ஏறலாம்.